அடியில என்ன விரிச்சீங்க?

கோழிக்குஞ்சு விக்கிற தொழில்ல, குஞ்சு கடையில இருக்கிறவரைக்கும்தான் நிம்மதி. பெட்டியோட வெளிய போனதும் பயம் தொடங்கிரும். மாத்தளையில நான் வேலை பாக்குற தீவனக் கடையில எவ்வளவுதான் சொல்லி அனுப்பினாலும், வீட்டுக்குப் போய்க் கூட்டுக்குள்ள எதை விரிப்பாங்களோன்னு ஒரே கவலை. உங்க வீட்டுலயும் கோழி இருந்தா இந்தக் கவலை உங்களுக்கும் தெரியும்.

வழுக்கின பேப்பர்

யாழ்ப்பாணத்துல இருந்து மாற்றலாகி வந்த ஐயா ஒருத்தர், அரசாங்கக் கந்தோர்ல உத்தியோகம். சுத்தம்னா அப்பிடி ஒரு சுத்தம். குஞ்சுக்கு அடியில பழைய பேப்பரைச் சுருக்கமில்லாம விரிச்சு விட்டிருக்கார். ஒரு குஞ்சு நிக்க முடியாம வழுக்கி வழுக்கி, ரெண்டு காலும் ஆளுக்கொரு பக்கமாப் போயிருச்சு. பெட்டியைக் கொண்டு வந்து மேசையில வச்சார். பாத்ததும் எனக்கு அழுகையே வந்திருச்சு. காலுக்குப் பிடிமானம் வேணும் ஐயா, காஞ்ச உமி போடுங்கன்னேன். அவர் நம்பவே இல்லை.

"எங்கட கந்தோர் நிலமும் வழுவழுப்புத்தான் பிள்ளை, நாங்கள் ஒருதரும் காலை விரிச்சு விழேல்லையே!"

ஈர உமி

உமி போடுங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன், மழை பிடிச்சுக்கிச்சு. கலேவெல மில்லுல இருந்து வந்த மூட்டையெல்லாம் நனைஞ்சு, வாயைப் பிரிச்சா பூஞ்சண வாடை. அதை மூச்சுல இழுத்தா குஞ்சுக்கு நெஞ்சடைச்சுப் போகும்.

அன்னைக்குப் பாத்துத்தான் உக்குவளையில இருந்து நஸ்ரியா ராத்தா வந்து பன்னிரண்டு குஞ்சு வாங்கினாங்க. மிளகு பறிக்க ஏறின ஏணியில இருந்து வீட்டுக்காரர் விழுந்து, இடுப்புல அடிபட்டுக் கிடக்காரு. இதுங்க வளந்து முட்டை போட்டாத்தான் அடுப்பு எரியும்னாங்க. அவங்க கையில அந்த உமியை எப்பிடிக் குடுக்க? மாட்டேன்னுட்டேன். முதலாளிக்கு மூக்குக்கு மேல கோபம்.

"நீ என்ன, கடைக்கு வேலைக்கு வந்தவளா, குஞ்சுக்கு அம்மாவா?"

தச்சுப் பட்டறைத் தூள்

உமி இல்லாமப் போன ராத்தா சும்மா இருப்பாங்களா? பழைய சாக்கை விரிச்சுச் சமாளிச்சிட்டு, தம்பியோட தச்சுப் பட்டறையில மரத்தூள் அள்ளிக்கிட்டு வந்து காட்டினாங்க. நல்லவேளை, விரிக்கிறதுக்கு முன்ன வந்தாங்க! மோந்து பாத்தேன், கறையான் மருந்து பூசின பலகை, மூக்கை அரிச்சது. போதாததுக்கு மாவு மாதிரித் தூளு, தீனின்னு நெனச்சுக் கொத்தித் தின்னுரும். ஐயோ வேணாம்னு பையைப் பிடுங்கி வச்சுக்கிட்டேன்.

"உமியும் கூடாது, தூளும் கூடாது, அப்ப ஒங்க முந்தானையைக் கிழிச்சுத் தாங்க தங்கச்சி, அதையே விரிக்கிறேன்."

சொக்லட் வாசம்

அப்புறம் ராத்தாகிட்ட இருந்து போன், குரல்ல அவ்வளவு சந்தோஷம். பக்கத்துல கொக்கோ கொட்டை வறுக்கிற வீட்டுல தோலு மூட்டையாக் கிடைச்சிச்சாம். நல்லாக் காஞ்சு மொறுமொறுன்னு இருக்காம், இப்பத்தான் விரிச்சாங்களாம், கூடே சொக்லட் வாசமாம்.

கொக்கோத் தோலு கோழிக்கு விஷமாச்சே! குஞ்சை முதல்ல வெளிய தூக்குங்கன்னு கத்திட்டு, முதலாளி கூப்பிடக் கூப்பிட த்ரீவீலர்ல ஏறிட்டேன். மாரியம்மா, அந்தப் பன்னிரண்டையும் காப்பாத்திக் குடுன்னு வழியெல்லாம் வேண்டுதல்.

போனா கூடு காலி. ஒரு குஞ்சுகூட இல்லை. வீட்டுக்குள்ள ஓடினேன், அங்க தென்னந்தும்பு மெத்தை மேல பன்னிரண்டும் கீச்கீச்சுன்னு ஓடித் திரியுதுங்க. பக்கத்துல வெறும் பலகையில ராத்தாவோட வீட்டுக்காரர் படுத்திருக்காரு. இது என்ன அநியாயம்னு கேட்டேன். அவர் சிரிச்சாரு.

"இடுப்புக்குப் பலகைதான் நல்லதுன்னு டொக்டர் சொன்னாரு தங்கச்சி, மெத்தை சும்மாதானே கிடக்குதுன்னு வீட்டுல சம்பாதிக்கப் போறவங்களுக்குக் குடுத்துட்டேன்."

பன்னிரண்டும் பொழைச்சு இப்ப முட்டை போடுதுங்க. நான் நிம்மதியாத் தூங்க அடியில என்ன விரிக்கிறதுன்னுதான் இன்னும் தெரியல.