அண்ணன் கவலையால் சாகவில்லை

எனக்குக் கொலஸ்ட்ரோல் கூட என்று தெரியவந்த நாளிலிருந்து ஜேர்மனியில் நான் இருக்கும் ஹம் நகரத்துத் தமிழ்ச் சனத்தில் பாதிப்பேர் எனக்கு டொக்டராகிவிட்டார்கள். தேங்காய்ப்பாலை விடச் சொன்னார் ஒருவர். தேங்காய்ப்பால் நல்லது, சூரியகாந்தி எண்ணெயைத்தான் விடவேண்டும் என்றார் அவருடைய மனைவி. கோயில் மண்டபத்தில் ஓர் அக்கா என் தட்டில் கிடந்த ஒற்றை வடையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நான் ஐம்பது வயதைத் தாண்டியவள், ஆனால் ஐம்பது கிலோவைத் தாண்டியதில்லை. பொதிகள் பிரிக்கும் இடத்தில் நாள் முழுக்க நடக்கிற வேலை. என்னிடம் வந்து "வாயைக் கட்டுங்கோ" என்று சொல்ல இவர்களுக்கு எப்படி மனம் வந்தது என்று எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

அந்த வாயை நான் கட்டித்தான் இருந்தேன். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இரத்தம் எடுக்க டெர்மின் என்று ஒரு நாள் குறித்துக் கிடைத்தால், அதற்கு முதல் வாரமே வீட்டில் கந்தசஷ்டி தொடங்கிவிடும். ஓட்ஸ் கஞ்சி, அவித்த கீரை, உப்பில்லாத பருப்பு. டொக்டரிடம் கெட்டிக்காரப் பிள்ளை என்று பேர் எடுக்கவேண்டும். ஊசி குத்தி முடிந்ததும் நேரே கொத்துரொட்டிக் கடைக்குப் போவோம். சோதினைக்குப் படிப்பது போல உடம்பைத் தயார் செய்து கொண்டுபோய் டொக்டரை ஏமாற்றிவிட்டு, நாங்கள் சுகமாக இருக்கிறோம் என்று நாங்களே நம்பிக்கொள்வோம். நானும் அந்தமுறை அப்படித்தான் போனேன். அப்படியிருந்தும் அளவு கூடித்தான் வந்தது. டொக்டர் என்னை மறுபடி கூப்பிட்டார்.

அவர் இளம் பெண். முதலில் வெண்ணெய், சொசேஜ் பற்றி அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். நான் பன்றி தின்பதில்லை, வெண்ணெய் வாங்குவதில்லை, இந்தத் தாளை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கதிரையைக் கிட்ட இழுத்து என் கண்ணிமையைப் பார்த்தார். மூக்கோரமாக அங்கே மஞ்சளாக ஒரு சின்னத் தடிப்பு இருக்கிறது. எங்கள் அப்பாவுக்கு இருந்தது, அண்ணனுக்கும் இருந்தது. வீட்டில் அதை அதிர்ஷ்டக் குறி என்போம். அதையும் அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அவர்கள் இருவரும் இப்போது எங்கே?" என்று கேட்டார்.

அப்பா நாற்பத்தாறு வயதில் போனார். அது ஷெல் விழுந்துகொண்டிருந்த காலம், பயத்தில் நெஞ்சு நின்றுவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். அண்ணன் போன வருடம், ஐம்பத்தைந்து வயதில், வேலைக்குப் போகக் காலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தார். கவலையில் போனார் என்று இங்கே சொன்னார்கள். நான் சொல்லச் சொல்ல டொக்டரின் முகம் மாறியது.

பிறகு அவர் ஆறுதலாக விளக்கினார். கொலஸ்ட்ரோல் நஞ்சு இல்லை. உடம்பைக் கட்டவும் சுரப்புகளைச் செய்யவும் அது வேண்டும். ஈரலே அதைச் செய்கிறது. இரத்தத்தில் மிஞ்சுவதைத் திரும்ப எடுப்பதும் ஈரலின் வேலைதான். சில குடும்பங்களில் அந்தத் திரும்ப எடுக்கிற வேலை பிறப்பிலிருந்தே சரியாக நடப்பதில்லை. மிஞ்சியது வருடக்கணக்காக இரத்தக் குழாய்ச் சுவரில் படிந்து படிந்து ஒருநாள் அடைத்துவிடும். இமையில் மஞ்சளாகப் படிந்திருப்பதும் அதுதான். சாப்பாட்டைக் கவனிப்பதும் நடப்பதும் நல்லது, விடவேண்டாம். ஆனால் உங்களுக்கு அது மட்டும் போதாது, தினமும் ஒரு குளிசை விழுங்கவேண்டும். இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை.

என் பிழை இல்லை என்றதும் எனக்கு அந்த வடை அக்காவைத் தேடிப்போய்ச் சொல்லவேண்டும் போல இருந்தது. ஆனால் டொக்டர் இன்னும் முடிக்கவில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்றார். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணனுக்கு ஒரு மகள். இருபத்துநான்கு வயது, வங்கியில் வேலை.

அன்று பின்னேரமே மச்சாள் வீட்டுக்குப் போனேன். அண்ணனின் மனைவியைத்தான் மச்சாள் என்கிறேன்; அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அவர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு எழும்பி, அடுப்பை அணைத்துக் குசினிக் கதவைச் சாத்தினார்.

"மச்சாள், இப்ப இதைக் கதைக்காதேங்கோ. பிள்ளைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம். தகப்பன் இல்லாத பிள்ளை, அதோட வருத்தமும் எண்டால் ஆர் செய்வினம்? தாலி ஏறட்டும். பிறகு இரத்தம் சோதிச்சுப் பாப்பம்."

"தாலி ஏறுமட்டும் இரத்தம் பாத்துக்கொண்டு நிக்குமோ?"

"உங்களுக்குப் பிள்ளை இல்லை. உங்களுக்கு விளங்காது."

இது எனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் சொன்னார். வலித்தது. ஆனால் வாயடைக்கும் என்று நினைத்தால் அவருக்கு என்னைத் தெரியாது. வாசலில் இறங்கி, பஸ் தரிப்பிடத்தில் நின்றபடியே அண்ணனின் மகளுக்கு, என் மருமகளுக்கு, அழைத்துச் சொல்லிவிட்டேன். அவள் சின்னப்பிள்ளை இல்லை. அவளுடைய இரத்தத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் நாங்கள் குசினியில் கூட்டம் வைக்க என்ன உரிமை?

அவள் போய் இரத்தம் சோதித்துப் பார்த்தாள். அவளுக்கும் இருந்தது. என்னிடம் வந்து சோபாவில் சப்பாத்தோடேயே இருந்தாள்.

"மாமி, கலியாணம் கட்டிப் பிள்ளை பெற நினைச்சால் முன்கூட்டியே டொக்டரிட்டச் சொல்லவேணுமாம். அந்தக் காலத்தில குளிசையை நிப்பாட்டவேணுமாம். அப்ப கட்டுறவருக்குத் தெரியத்தானே வேணும்?"

"ஓம்" என்றேன்.

"அம்மா குளிசையை விற்றமின் போத்திலுக்க போட்டு ஒளிச்சு வைக்கச் சொல்லுறா."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் நாகரிகமாக இருக்காது.

இரண்டு கிழமையில் அண்ணனின் ஆண்டுத் திவசம் வந்தது. மருமகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். ஐயர் போனபின் கடதாசி வாழையிலை விரித்து, நான் சாம்பார் வாளியோடு வரிசையில் நடந்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் தாய் அண்ணனின் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

"என்ன வயசு, பாவம். ஷோனெஃபெல்ட் எயார்போட்டில வந்திறங்கின நாள் தொடக்கம் பட்ட கவலை. கவலைதான் மனிசரைக் கொல்லுறது."

மச்சாள் "ஓம், ஓம்" என்றார். இலைகளில் குனிந்திருந்த தலைகள் எல்லாம் ஆடின. எனக்கு அந்தத் தலையாட்டலைத் தாங்க முடியவில்லை. அண்ணன் கவலைப்பட்டார்தான். யார் படவில்லை? அகதி முகாமில் அவரோடு ஒரே அறையில் கிடந்து அதே கவலை பட்டவர்கள் இப்போதும் கோயில் தேர் இழுக்கிறார்கள். நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"அண்ணை கவலையில சாகேல்லை. எங்கட குடும்பத்து இரத்தத்தில கொலஸ்ட்ரோல் பிறப்பிலேயே கூட. அப்பாவும் அதாலதான் போனவர். எனக்கும் இருக்கு. நான் குளிசை போடுறன்."

என் கதையோடு நிறுத்தத்தான் நினைத்தேன். அப்பளக் கூடையோடு பின்னால் வந்த மருமகள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "எனக்கும் இருக்கு. நானும் போடுறன்."

மாப்பிள்ளையின் தகப்பன் கொஞ்சம் ரசம் கேட்டார். ஊற்றினேன்.

அடுத்த கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. முன்பு பொருந்தியிருந்த சாதகம் இப்போது பொருந்தவில்லையாம். செவ்வாய்க்கிரகம் எங்கள் திவசச் சாப்பாட்டுக்குப் பிறகு இடம் மாறி உட்கார்ந்திருக்கவேண்டும். மருமகள் ஒரு நாள் அழுதாள், பிறகு வேலைக்குப் போனாள். சொந்தக்காரர் பலர் என்னைக் கண்டால் தெரு மாறினார்கள். மாறட்டும், தெருக்கள் அகலம்தான். ஒரு கலியாணம் குழம்பியதற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. மருமகளின் அளவு இறங்கத் தொடங்கிவிட்டது. அவள் அறுபது வயதைக் காணவேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மச்சாள் மட்டும் மாதக்கணக்காக ஒரு சொல் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிறு காலையில் அழைத்தார். திட்டத்தான் போகிறார் என்று நானும் நாலு பதில் தயாராக வைத்துக்கொண்டு எடுத்தேன். அவர் திட்டவில்லை.

"மச்சாள், அவருக்கும் டொக்டர் உந்தக் குளிசைதான் எழுதிக் குடுத்தவர். உங்களுக்குத் தெரியாது. தொடங்கினால் சாகுமட்டும் விடேலாதாம் எண்டு ஆரோ சொல்லிச்சினம். நான்தான் வேண்டாமெண்டனான். நான் சொன்னதாலதான் அவர் போடேல்லை." பிறகு கேட்டார்: "போட்டிருந்தால் இருந்திருப்பாரோ?"

தயாராக வைத்திருந்த நாலு பதிலும் எங்கோ போய்விட்டன. இல்லை, அது விதி என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஊரே அதைத்தானே சொல்கிறது. ஆனால் அந்தப் பொய்யோடுதான் நான் இவ்வளவு நாளும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

"இருந்திருக்கலாம் மச்சாள்" என்றேன். "உங்களுக்கு அது தெரியாது. எங்களில ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் அழுதார். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அவர் கேட்டார்:

"பிள்ளை நான் சொன்னால் கேக்கமாட்டாள். நீங்கள் சொல்லுங்கோ. ஆர் என்ன சொன்னாலும், நானே சொன்னாலும், குளிசையை விடவேண்டாமெண்டு சொல்லுங்கோ."