முதல் டிஸ்கை எடுத்த பிறகும்

முதல் டிஸ்கை உருவிய பிறகும் கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடியபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

எங்கள் காரைக்கால் கல்லூரி ஸ்டோர் அம்மா கொண்டையில் பேனா செருகியிருப்பார். கொடுத்தது திரும்பி வராமல் அடுத்த பொருளைத் தரமாட்டார். ஒரே கம்ப்யூட்டரில் பலர் வேலை செய்ய உதவும், யூனிக்ஸ் போன்ற ஒரு சிஸ்டத்தை நேற்று மாலைக்குள் ஏற்றாவிட்டால் கம்ப்யூட்டரைப் பாண்டிச்சேரிக்கே திருப்பி அனுப்பிவிடுவதாகக் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். திரை இரண்டாவது டிஸ்கைக் கேட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, முதலாவதைத் திருப்பிக் கேட்டு அவர் நின்றார்.

“முதல் டிஸ்கை எடுத்தா மிஷின் நின்னுடுங்கம்மா!” என்றேன்.

“அதோட வேலை முடிஞ்சிதானே அடுத்ததக் கேக்குது? எடுத்துக் குடுங்க தம்பி, எனக்கு பஸ்ஸு போயிடும்.”

எடுத்தேன். சிஸ்டத்தின் உயிர் ஏற்கெனவே மெமரிக்குள் போயிருந்தது! பதினான்கு டிஸ்கும் வரிசையாக ஏறின. ஐந்து மணிக்கு, பயன்படுத்துபவரின் பெயரைக் கேட்கும் லாகின் திரையில் வந்தே விட்டது.

தெரிந்துதான் சொன்னாரா? புரியவில்லை. நாளை திரையும் கீபோர்டும் மட்டுமுள்ள இன்னொரு டெர்மினலையும் இதே கம்ப்யூட்டரில் இணைத்து, ஒரே நேரத்தில் இருவரை வேலை செய்ய வைக்கப் போகிறேன். ஒன்றில் அவரை உட்கார வைப்பேன்.