நாற்றுக்குப் போர்த்திய கம்பளி

போன மார்கழி வரைக்கும் எங்கள் வீட்டுக் கட்டிலில் ஒரு கறுப்புக் கம்பளி மடித்துக் கிடந்தது. ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டது. அதன் ஒரு மூலை மட்டும் காய்ந்த தோல் மாதிரி விறைத்துச் சாம்பல் நிறமாக இருக்கும். ஏரி வண்டல் ஏறிய கறை அது. என் மனைவி சோப்புப் போட்டாள், சீயக்காய் போட்டாள், வெந்நீரில் ஊறவைத்துக் கல்லில் அடித்தாள்; அந்த மூலை அசையவில்லை. சின்னசேலம் ரயிலடிக்குப் பக்கத்தில் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பளி விற்கிற ஒரு மனிதர் வருவார். ஒரு இழையைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டி, முடி கருகுகிற வாடை வருகிறதா என்று நம்மையே மோந்து பார்க்கச் சொல்வார். அவரிடம் வாங்கியது. மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. பனி விழ ஆரம்பித்தால் மூச்சு சீட்டியடிக்கும். குளிர் நெஞ்சில் ஏறாமல் பார்த்துக்கொள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய வாரமே போய் வாங்கி வந்தேன்.

அந்தக் கறை என் மச்சான் வைத்தது. மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். பெரிய மனிதர்களுக்கு ஊரில் சிலை வைக்கிறார்கள். இவருக்கு அந்த மூலை போதும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மச்சானுக்கு நைனார்பாளையத்தில் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை இருந்தது. அவர் நெல் நாற்று விடுவதில் கெட்டிக்காரர், அதை மறுக்க மாட்டேன். விதையை ஊறவைத்து, துணியில் கட்டி, வைக்கோல் மூடிக் கல் ஏற்றி, முளை கண்டதும் குழைத்த சேற்றில் வீசினால் பச்சைப் பாய் விரித்த மாதிரி எழுந்து நிற்கும். கெட்டது எங்கே என்றால், அந்த ஒன்று கைக்கு வந்ததால் உலகத்தில் மிச்சம் எல்லாமும் வந்துவிட்டதாக அவர் முடிவு கட்டிவிட்டார். கல்யாண வீட்டில் சமையல்காரரைக் கூப்பிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கச் சொல்லிக்கொடுப்பார். எங்கள் தெருவில் ஒருவர் போர் போட்டபோது லாரிக்காரனைத் தள்ளிப் போகச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்து, இங்கேதான் தண்ணீர் என்று காட்டினார். அங்கே வந்தது வெறும் கல் மாவு. "தண்ணி கீது, கீழ போயிருக்குது" என்றார். அவர் தோற்றதாக ஒருநாளும் நடந்ததில்லை. மண் தோற்கும், மழை தோற்கும், மற்ற ஆட்கள் தோற்பார்கள்.

அந்த மனிதர் கையில் அவர் மகன் ஒரு செல்போனைக் கொடுத்தான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் என்று ஞாபகம். டீக்கடையில் என்னை உட்காரவைத்து ஒரு படத்தை ஓட்டிக் காட்டினார். எங்கேயோ பனி கொட்டுகிற நாடு. வெள்ளைக்காரன் ஒருவன் குல்லா போட்டுக்கொண்டு மண்ணைக் கிளறுகிறான், எதையோ கலக்குகிறான், சின்னச் சின்ன நாற்றுகளை வெட்டவெளியில் வைத்து, மேலே வெள்ளையாக ஒன்றைப் போட்டு மூடுகிறான். பேசுவதில் ஒரு வார்த்தை எனக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை.

"இன்னா செடி மச்சான் அது?"

"மருந்துச் செடி. குளுருலதான் நல்லா வரும். நம்ம மலை இருக்குது இல்ல? அந்த ஊருக்கு இது எவ்வளவோ தேவலை. பனிக்கட்டி மேலயே அவன் மொளைக்க வைக்கிறான், நாற்பது போகம் நாத்து விட்ட எனக்கு வராதா?"

கஞ்சா என்ற வார்த்தையை அவர் வாயால் கடைசிவரை சொல்லவில்லை. திருட்டு வேலை செய்கிறவனுக்குக்கூட அதைத் திருட்டு என்று தனக்குள் ஒப்புக்கொள்கிற ஒரு நேர்மை இருக்கும். இவருக்கு அதுவும் கிடையாது. எனக்கு இலையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மலைக்கு நாற்று விடக் கூட வரச் சொன்னார்; வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். அவர் எங்கள் வீட்டுக்கே வந்து தங்கையிடம் பேசிவிட்டார். மலையில் மூலிகை நாற்றங்கால் போடுகிறேன், நீ வந்து ஆக்கிப் போடு, மாப்பிள்ளைக்குக் கூலி என்று. "அண்ணன் கூப்புடுது, எப்பிடி மாட்டேன்னு சொல்றது" என்று அவள் அந்தக் கம்பளியை எடுத்து மடித்து வைத்துவிட்டாள். அவளை அந்த ஆளோடு தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. நானும் கிளம்பினேன்.

கல்வராயன் மலையில் ரோட்டைவிட்டு உள்ளே நடந்து போகிற ஒரு சரிவில், சாமை விதைக்கிற ஒருவருடைய காட்டில் ஒரு துண்டைப் பேசி வைத்திருந்தார். அந்தக் காட்டுக்காரரிடமும் மூலிகை என்றுதான் சொல்லியிருந்தார். பிடிபட்டால் காடு யார் பேரில் இருக்கிறதோ அவர் கையில்தான் விலங்கு விழும். அதைப் பற்றி மச்சான் ஒரு நிமிடம் யோசித்ததாகத் தெரியவில்லை. போனதும் குனிந்து ஒரு பிடி சிவப்பு மண்ணை எடுத்து ஊதிவிட்டு, "இது மண்ணா, முறுக்கு மாவா?" என்றார். அடுத்து அவர் செய்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் கோடையில் ஏரி வண்டல் அள்ளி வயலில் கொட்டுவது வழக்கம். நெல்லுக்கு அது நெய் மாதிரி. அந்த வண்டலை மூட்டை மூட்டையாகக் கட்டி, வாடகை வண்டியில் ஏற்றி, மலைக்குக் கொண்டுவந்துவிட்டார். ரோட்டிலிருந்து மேலே சுமந்தது நான். மலைக்கு மண் சுமந்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வண்டலைக் கொட்டி, பச்சைச் சாணியைக் கலந்து, ஓடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றவைத்து, சுற்றிலும் வரப்புக் கட்டி, சேறாக மிதிக்கச் சொன்னார். மார்கழி மாதம். கால் எலும்புக்குள் ஊசி ஏறுகிற மாதிரி இருந்தது. காட்டுக்காரர் துண்டைக் காதோடு கட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "இன்னாங்க, மூலிகைன்னீங்க, எருமை குளிப்பாட்டவா போறீங்க?" என்றார்.

"உனக்குத் தெரியாது. போய் ஆட்டப் பாரு" என்றார் மச்சான்.

விதையையும் நெல்லைப் போலவே ஊறவைத்து வேட்டித் துண்டில் கட்டிக் கல் ஏற்றினார். அந்தக் குளிரில் ஒன்றும் நடக்கவில்லை. கல்லை எடுத்துவிட்டு மூட்டையைத் தங்கையிடம் கொடுத்து அடுப்புப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவள் ஈர விறகுப் புகையில் இருமிக்கொண்டே, கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற மாதிரி அந்த மூட்டையைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"அண்ணே, இது இன்னா செடி?"

"துளசி ஜாதி."

"துளசிக்கா இவ்ளோ பாடு? எங்க வூட்டு சாக்கடை ஓரத்துல தானா மொளைக்குது."

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அன்றைக்கு முழுக்க அவர் அவளோடு பேசவில்லை.

ஒருவழியாக முளைத்தது. சேற்றில் தெளித்ததில் பாதி உள்ளே போய்விட்டது, மீதி இரண்டு இலை விட்டு நின்றது. காலையில் மலைப் பனி தண்ணீராகவே சொட்டும். வெயில் ஏற வெகு நேரமாகும். சேறு காயவே இல்லை. மச்சான் செல்போனை எடுத்து அந்தப் படத்தை மறுபடி ஓட்டினார். வெள்ளைக்காரன் வெள்ளையாக ஒன்றைப் போட்டு மூடுகிற இடம் வந்தது. அதை அப்படியே நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நாங்கள் தங்கியிருந்த குடிசைக்குள் போனார். வரும்போது கையில் கம்பளி இருந்தது.

"அது அவளுது மச்சான்."

"தெரியும், நானு இன்னா வித்துப்புட்டா வரப் போறேன்? ரெண்டு ராத்திரி. நாத்து கொஞ்சம் தெடமாகட்டும். அவ அடுப்போரமா படுத்துக்கட்டும், அங்க கதகதன்னுதான கீது."

நான் பிடுங்கப் போனேன். அவள்தான் உள்ளே இருந்து குரல் கொடுத்தாள். "வுடுங்க, அண்ணன் ஆசையா செய்யுது." நாற்றுக்கு மேல் குச்சி நட்டு, அதன் மேல் கம்பளியை விரித்து, நான்கு பக்கமும் கல் வைத்தார். குழந்தையைத் தூங்கவைத்த மாதிரி ஓரத்தைத் தட்டிக்கூட விட்டார். தங்கைக்கு ஒருநாளும் அவர் அப்படிப் போர்த்தியதை நான் பார்த்ததில்லை. என் வேட்டி, இருந்த சாக்கு எல்லாவற்றையும் நான் அவள் மேல் போட்டேன்.

விடியும்போது அவள் உட்கார்ந்தபடி இருந்தாள். மூச்சு உள்ளே போகவில்லை. தோள் இரண்டும் தூக்கித் தூக்கி விழுந்தது, உதடு நாவல் பழம் தின்றவள் மாதிரி ஆகிவிட்டது. நான் போட்ட கத்தலில் காட்டுக்காரரும் அவர் தம்பியும் ஒரு மூங்கிலோடு ஓடிவந்தார்கள். ரோடு இல்லாத இடத்தில் நடக்கமுடியாதவர்களைக் கம்பளியில் தூளி கட்டி, மூங்கிலில் தொங்கவிட்டுத்தான் கீழே இறக்குவார்கள்.

"கம்பளி குடுங்க சீக்கிரம். எங்க வூட்ல பழைய சேலைதான் கீது, ஆள் பாரம் தாங்காது" என்றார் காட்டுக்காரர்.

நான் நாற்றங்காலுக்கு ஓடினேன். மச்சான் அதற்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"வெயில் ஏர்ற வரைக்கும் தொடாத மாப்ள! இப்ப எடுத்தா பனி எறங்கிப் பூரா செத்துடும்!"

"உங்க தங்கச்சி சாவுறா மச்சான்!"

"அவளுக்கு இது புதுசா? சின்னதுல இருந்தே இப்பிடித்தான். சுடுதண்ணி குடு, அடங்கிடும்."

நான் கல்லை உதைத்துத் தள்ளிக் கம்பளியை இழுத்தேன். அவர் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். நம்ப மாட்டீர்கள், பிடித்துக்கொண்டு இழுத்தார். நரைத்த தலையோடு இரண்டு ஆண்கள், ஒருத்தி மூச்சுக்கு அலைகிற நேரத்தில், ஒரு கம்பளியை இரண்டு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறோம். அவர் கால் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார். உட்கார்ந்தும் விடவில்லை. அவர் பிடித்த மூலை வண்டலுக்குள் புதைந்து, பிறகுதான் கைவிட்டு வந்தது. அந்த நேரத்தில் நான் நாற்றைப் பார்த்தேன். எல்லாம் தண்டு நூலாக இளைத்துப் படுத்துக் கிடந்தது. அழுகிச் செத்து வெகுநேரம் ஆகியிருந்தது. பிணத்துக்குத்தான் அவர் காவல் நின்றுகொண்டிருந்தார்.

சொட்டச் சொட்ட இருந்த கம்பளியில் சேலையை உள்ளே விரித்து அவளைக் கிடத்தி, சாய்ந்தாற்போல் முடிந்து தூக்கினோம். "நீங்களும் ஒரு கை குடுங்க" என்று காட்டுக்காரர் மச்சானைக் கூப்பிட்டார். அவர் வேட்டியில் சேற்றை வழித்துக்கொண்டே, "நானு வந்துட்டா இங்க யாரு பாக்குறது?" என்றார். காட்டுக்காரர் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "சரிங்க, நீங்க உங்க செடிய பாருங்க. மனுசங்கள நாங்க பாத்துக்குறோம்" என்று மூங்கிலைத் தோளில் வைத்தார். ரோட்டில் கிழங்கு ஏற்றிவந்த வண்டி கிடைத்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்து, ஊசி போட்டு, மூச்சைத் திருப்பினார்கள். குழாயை எடுத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அண்ணன் சாப்ட்டுச்சா?"

அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. சொந்தக்காரர்களிடம் மட்டும் ஒரு பேச்சைப் பரப்பினார். நாற்று பிரமாதமாக வந்ததாம், மாப்பிள்ளையின் அவசரத்தால் போர்வையை எடுக்கப்போய்ப் போனதாம். போலீஸ் வர வேண்டிய வேலையே இல்லாமல் போனது. குற்றம் செய்வதற்கும் கொஞ்சம் கைத்திறமை வேண்டும். பிறகு ஒருமுறை காட்டுக்காரருக்கு நன்றி சொல்லப் போனேன். அந்த வண்டல் காய்ந்து செங்கல்லாகிவிட்டதாம். கடப்பாரையால் பெயர்த்து, ஊறவைத்துத் தன் குடிசைச் சுவருக்குப் பூசியிருந்தார். மச்சானுடைய மலை விவசாயத்தில் கண்ட ஒரே மகசூல் அந்தச் சுவர்தான்.

மச்சான் இப்போது கள்ளக்குறிச்சியில் மகன் வீட்டு மாடியில் இருக்கிறார். போன மார்கழியில் அவருக்குக் காய்ச்சல், குளிரில் நடுங்குகிறார் என்று போன் வந்தது. மனைவி அந்தக் கம்பளியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"இத கொண்டு போய் அண்ணனுக்குக் குடுத்துட்டு வாங்க. எனக்குத்தான் நம்ம பொண்ணு வாங்கியாந்த பஞ்சு மெத்தைப் போர்வை கீதே."

"இந்தக் கம்பளியா? அவருக்கா?"

"எனக்கு இன்னா பத்து அண்ணனா?"

அவளோடு வாதாட எனக்கு மூச்சு போதாது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். மாடியில் கட்டிலைச் சுற்றிப் பெயின்ட் பக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. எட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஏரி வண்டல், மேலே தண்ணீர் நிற்கிறது. அதில் மிளகாய் நாற்று கழுத்து அழுகித் தொங்கிக்கொண்டிருந்தது. மகனை ஏரிக்கு அனுப்பி அள்ளிவரச் சொன்னாராம். "இந்த ஊரு தண்ணி சரியில்ல மாப்ள" என்றார் பார்த்ததும்.

கம்பளியைப் போர்த்தினேன். பல் அடித்துக்கொண்டிருந்தது கொஞ்சம் அடங்கியது. தடவிப் பார்த்தார். "நல்ல கம்பளி. எங்க வாங்கியாந்த?"

நான் கால்மாட்டில் இழுத்துவிட்டேன். அவர் கை தேடிக்கொண்டே போய் அந்த மூலையில் நின்றது. விறைத்ததை நெருடிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஏன்யா, இப்பிடியா சேத்துல போட்டு வெப்பீங்க? ஒரு பொருளை வெச்சிக்கத் தெரியாத ஜனம்யா நீங்க."

சரி மச்சான் என்றேன். கம்பளியை மறுபடி உருவி, சுற்றித் திருப்பி, அந்த விறைத்த மூலை அவர் கழுத்துப் பக்கம் வருகிற மாதிரி போர்த்தினேன். நான்கு பக்கமும் நன்றாகச் செருகி, ஓரத்தைத் தட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.