விரல் நுனி வரை

அன்று வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு நட்டு விழுந்தது. காலுறை ரத்தத்தில் ஊறியிருந்தது. ஆரல்வாய்மொழியில் மின்சாரம் எடுக்கும் காற்றாடிகளைப் பராமரிக்கும் வேலை எனக்கு. நாள் முழுக்க அந்த நட்டை மிதித்தபடியே ஏணி ஏறியிருக்கிறேன்.

“இது ஒங்க காலுதானா, கடையில வாங்கினதா?” என்றாள் மனைவி. காயத்தைப் பார்த்ததும் துணி எடுத்துவந்து கட்டினாள்.

நாகர்கோவிலில் டாக்டரம்மா குண்டூசியால் பாதத்தைத் தொட்டார். “தெரியுதா?”

“இல்லை.”

சர்க்கரை நோய் என் நரம்புகளைக் கெடுத்துவிட்டதாம். அவர் காகிதத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். “இந்த நரம்பு செல்லோட உடல் இடுப்புப் பக்கம் முதுகெலும்புகிட்ட இருக்கு. இழை மட்டும் கால் விரல் வரைக்கும் போகுது. வழியெல்லாம் சக்தி கொடுக்கிறது மைட்டோகாண்ட்ரியா. புதுசு மேலேயிருந்து வந்து சேர நாளாகும். அதனால பழுதானதை அங்கங்கேயே பிரிச்சுப் போடணும், கொஞ்சம் உதிரி பாகமும் அங்கேயே செஞ்சுக்கணும். சர்க்கரை கூடினா இதெல்லாம் தடுமாறும். ரொம்ப தூரத்துல இருக்கிறது முதல்ல கெடும்.”

பத்தாம் வகுப்பில் மைட்டோகாண்ட்ரியாவை அவரைக்கொட்டை மாதிரி வரைந்திருக்கிறேன். எங்கள் காற்றாடியின் உச்சியிலும் ஃப்யூசும் கிரீசும் ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே இறங்க முடியாது.

“ஏணி ஏறலாமா?”

“கூடாது.”

சரி என்றேன். வேலை போய்விடும் என்று தெரிந்தது. வருத்தம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

வேலையிடத்தில் யாரிடமும் சொல்லாமல் திங்கட்கிழமை ஏறினேன். கால் கம்பியில் பதிந்ததா என்று தெரியாததால் ஒவ்வொரு படியிலும் குனிந்து பார்த்தேன். என்னோடு எப்போதும் ஏறுகிற கூட்டாளி தன் முறைக்காகக் கீழே நின்றிருந்தான்.

“ஏலே, படிக்குப் படி என்னத்தத் தேடுக? மோதிரத்தைப் போட்டுட்டியா?”

நான் நின்றுவிட்டேன். “கால் தெரியல மக்கா.”

அவன் ஏணியடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தான்.

“எறங்கு. நான் சொல்லச் சொல்ல வையி. இடது கால்... இன்னும் கீழ. ஆங், பட்டாச்சு. இப்ப வலது.”

ஒரு படி விடாமல் சொன்னான். இறங்கியதும் என் பாதுகாப்பு பெல்ட்டை அவனே அவிழ்த்தான்.

“ஆபீசுல நான் சொல்லட்டா?” எனக்குப் பேசக் கூச்சம் என்பது அவனுக்குத் தெரியும்.

“நானே சொல்லுகேன்.”

போனை எடுத்தேன். பேசுவதற்கு முன் ஒருமுறை குனிந்து, இரண்டு காலும் தரையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன்.