வேண்டாம் டாக்டர்

படகுக்குள் தலையை நுழைத்ததும் அவர் முதலில் செய்வது மோந்து பார்ப்பதுதான். மூக்கை மட்டும் உள்ளே அனுப்பிவைத்தவர்போலக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். டீசல் வாடையா, ஊறிய மரத்தின் வாடையா, கழிவறைக் குழாயின் வாடையா என்று பிரித்துக்கொண்ட பிறகே அடுத்த படியில் கால் வைப்பார். கேபினில் சென்ட் மணந்தால் போச்சு. "எதையோ மறைக்கிறாங்க" என்று முணுமுணுத்துவிட்டு, வந்த வழியே ஏறிவிடுவார்.

தொழிலில் அவர் பல் டாக்டர். வாரத்தில் ஐந்தரை நாள் பிறர் வாயைப் பார்ப்பார். சனிக்கிழமை மதியத்துக்கு மேல், விற்பனைக்கு வந்திருக்கும் பழைய பாய்மரப் படகுகளைப் பார்ப்பார். இரண்டுக்கும் ஒரே பைதான். நீண்ட பிடியுள்ள குட்டிக் கண்ணாடியை எஞ்சினுக்குப் பின்னால் விட்டு எண்ணெய் கசிகிறதா என்று தேடுவார். அதே கண்ணாடியின் பிடி முனையால் படகின் உடம்பைச் சாண் சாணாகத் தட்டிக் காதைக் கொடுப்பார். 'டக்' என்றால் நலம். 'தொப்' என்றால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளைப் பஞ்சால் நீவிக்கொண்டே போவார். ஓர் இழை அறுந்திருந்தாலும் பஞ்சு மாட்டிக்கொள்ளும். எஞ்சினை முடுக்கச் சொல்லும் முன் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால், விற்கிறவர் முன்னமே ஓட்டிவைத்திருக்கிறார். குளிர்ந்த எஞ்சின் மக்கர் பண்ணும் என்பது அவருக்கே தெரியும் என்று அர்த்தம். தட்டும்போது பழக்க தோஷத்தில், "வலிச்சா கையைத் தூக்குங்க" என்று படகிடம் சொல்லிவிடுவதும் உண்டு.

பதினொரு வருஷத்தில் நாற்பத்துமூன்று படகுகள். ஒன்றையும் வாங்கவில்லை. ஒன்றில் சுக்கான் ஆடியது. ஒன்றில் பாய் பழைய தலையணை உறைபோலத் தொய்ந்து கிடந்தது. ஒன்றில் குறையே இல்லை. "எல்லாம் சரியா இருக்கு, அதுதான் எனக்குச் சரியாப் படல" என்று அதையும் விட்டுவிட்டார். படகுகளை விற்றுக் கொடுக்கும் தரகர் அம்மாள்தான் அவருக்கு 'வேண்டாம் டாக்டர்' என்று பெயர் வைத்தாள். வேடிக்கை என்னவென்றால், தனக்கு வேண்டாமென்று விட்டாலும் பிறருக்கு நல்லதென்று அவர் சொன்ன வாக்கை நம்பி வாங்கிய ஒன்பது குடும்பங்கள் நிம்மதியாகக் கடலில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் கிளம்பும்போது கரையில் நின்று கை அசைப்பவரும் இவரேதான்.

அவர் மனைவி கணக்கு டீச்சர். அவர் படகைக் குடைந்துகொண்டிருக்கும் நேரத்தில் துறைமேடையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவாள். "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி கால் மணி நேரம்கூட யோசிக்கல இந்த மனுஷன். இந்தப் பஞ்சும் கண்ணாடியும் அப்ப எங்க போச்சோ" என்று தரகர் அம்மாளிடம் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் இந்த வருஷம் அவளுக்குப் பள்ளியில் கடைசி வருஷம். முழங்காலும் தகராறு பண்ணத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் காலை, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "இன்னும் ரெண்டு வருஷம் போனா படகு கிடைக்குங்க. ஏறத்தான் கால் கிடைக்காது."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கு ஒருவருக்கு இடப்பக்கப் பல்லைப் பிடுங்க வலப்பக்கத்தில் ஊசி போடப் போய்விட்டார். நர்ஸ் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

நாற்பத்துநான்காவது படகு ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவருடையது. வயது முப்பது, படகுக்குத்தான். பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது, கடலில் மிதக்கும் அடையாள விளக்குகள் இரட்டையாகத் தெரிகின்றன, அதனால் விற்கிறார். டாக்டர் மூன்று மணி நேரம் மோந்தார், தட்டினார், நீவினார். பதினேழு குறைகளை நோட்டில் எழுதிக்கொண்டு மேலே வந்து தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கு அடுத்த சொல் என்ன என்று துறைக்கே தெரியும்.

அது வாயிலிருந்து வருமுன், பெரியவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். "இதையும் ஒரு பார்வை பாத்துடுங்க டாக்டர்."

பொடிப்பொடி எழுத்தில் இருபத்துமூன்று குறைகள். டாக்டரின் பதினேழும் அதில் இருந்தன. கூடவே, அவர் கண்ணுக்குத் தப்பிய ஆறு. 'தண்ணீர் பம்பு மூன்றாவது அடிக்குத்தான் விழிக்கும்.' 'மேல்காற்றில் முன் ஜன்னல் அழும். கீழே துண்டு வைக்கவும்.' டாக்டரின் முகம் முதலில் சிவந்தது. பதினொரு வருஷப் பெருமை அல்லவா. பிறகு மெதுவாகக் கேட்டார், இதையெல்லாம் நீங்களே சொன்னால் எப்படி விற்கும் என்று.

"வாங்குறவங்க இதை நடுக்கடல்ல கண்டுபிடிக்கக் கூடாதுல்ல" என்றார் பெரியவர்.

ஓட்டிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். இவ்வளவு தூரம் அவர் வந்ததே அபூர்வம். மனைவி விடைத்தாள்களைத் தரகர் அம்மாளிடம் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டாள். துறையைத் தாண்டியதும் பாயை ஏற்றி எஞ்சினை நிறுத்தினார்கள். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சாய்ந்த இடத்திலேயே அழுத்தமாக உட்கார்ந்து கிளம்பியது. டாக்டர் அதைக் காற்றுக்கு எதிராக நெருக்கிப் பார்த்தார், முனகவில்லை. திருப்பிப் பார்த்தார், திணறாமல் திரும்பியது. "இப்ப கையை எடுங்க" என்றார் பெரியவர். டாக்டர் சுக்கான் பிடியை விட்டார். படகு தன் பாட்டுக்கு நேர்கோட்டில் போய்க்கொண்டே இருந்தது.

கீழே, படகு எப்படிச் சாய்ந்தாலும் தான் மட்டும் நிமிர்ந்தே ஊஞ்சலாடும் அடுப்பில், அவர் மனைவி தேநீர் போட்டுவிட்டாள். மூன்று கோப்பைகள் மேலே வந்தன. ஒரு சொட்டும் சிந்தவில்லை. தன் கோப்பையோடு அவர் அருகில் உட்கார்ந்தவள், பெரியவரின் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "இருபத்துமூணையும் வேணா உக்காந்து சரி பண்ணுங்க. நான் துண்டு வைக்கிறேன்" என்றாள்.

பிடுங்கிய பல்லைத் திரும்ப நட முடியாது என்பதால் எதையும் பத்து முறை பார்த்தே பழகிய மனுஷர். தேநீரை முழுசாகக் குடித்து முடித்தார். பிறகு, "வாங்கிக்கிறோம்" என்றார். காற்றில் பெரியவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கொஞ்சம் சத்தமாகவே சொல்லவேண்டியிருந்தது.

துறைக்கு வந்து, பாயை இறக்கிச் சுருட்டி, நான்கு கயிறுகளால் படகைக் கட்டியாயிற்று. பெரியவர் இறங்கினார். மனைவியும் இறங்கித் தரகர் அம்மாளிடம் சேதியைச் சொல்ல, அவள் நம்பாமல் டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் இறங்கவில்லை. பின்தளத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, பாய் இல்லாத மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தபடி, சுக்கான் பிடியை ஓர் அங்குலம் இடப்பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார்.