திங்கட்கிழமை ஏறிய எரிமலை

என் கணவருக்குப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது. லா ஷோ-து-ஃபோன் நகரில், கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், இப்போது வீட்டில் இருக்கிறார். மருந்து இல்லை, கொஞ்சங் கொஞ்சமாக முழுவதும் போய்விடும் என்று கண் டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்று பஸ்ஸில் வரும்போது இவர் சொன்னார்: "கண் இருக்கேக்கையே ஒரு எரிமலையின்ரை வாயை எட்டிப் பாக்க வேணும்."

"கிணத்தை எட்டிப் பாத்தாலே தலை சுத்துற ஆளுக்கு எரிமலையோ?" என்று பகிடி விட்டேன். விடாவிட்டால் பஸ்ஸுக்குள்ளேயே அழுதிருப்பேன்.

கரீபியன் கடலில், பிரெஞ்சு பேசும் ஒரு தீவுக்குப் போனோம். நாங்கள் இருக்கும் ஊரிலும் பிரெஞ்சுதான், பாஷைப் பிரச்சினை இல்லை. மலையடியில் அறை எடுத்தோம். மறுநாள் எட்டு மணிக்குப் புறப்பட வேண்டும், நேரம் போனால் முகில் ஏறி மூடிவிடும் என்றாள் வழிகாட்டிப் பெண். அதற்கடுத்த நாள் எங்களுக்கு விமானம்.

மறுநாள் திங்கள். ஏழரைக்கு ராகுகாலம் தொடங்கும். அதற்கு முதலே வாசலைத் தாண்டிவிடுவோம் என்றுதான் விடிய எழும்பினோம். ஆனால் இவர் சப்பாத்து நூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அறை மங்கலில் நூல் நுழையும் ஓட்டை அவருக்குத் தெரியவில்லை. குனிந்து கட்டிவிடப் போனேன், கையைத் தட்டிவிட்டார். கட்டி முடித்து நிமிர்ந்தபோது ஏழரை தாண்டிவிட்டது. திரும்பக் கட்டிலில் இருந்துவிட்டார்.

"ஒன்பதுக்குப் பிறகு போவம்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன விசரோ? ராகு இந்தக் காட்டுக்குள்ளையும் வந்து நிக்கிறானோ?"

"வேறை அலுவல் எண்டால் பறவாயில்லை. இது கண் விசயமப்பா."

வழிகாட்டி மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் ஒன்பதுக்குப் பிறகு தனியாக ஏறினோம்.

பாதை ஏணி மாதிரிச் செங்குத்து. மழை இல்லை, ஆனாலும் மரமெல்லாம் சொட்டியது. கிளைகளில் பாசி நனைந்த துவாய் போலத் தொங்கியது. இவர் என் முதுகுப்பையின் பட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். "வேர் கிடக்கு. கல்லு. சேறு, பாத்து," என்று சொல்லிக்கொண்டே நான் முன்னே போனேன். இவருக்கோ ஒரே சந்தோஷம். மூச்சு வாங்க வாங்கக் கதைத்துக்கொண்டு வந்தார்.

பாதி வழியில் அந்தக் கூட்டம் சிரித்தபடி இறங்கி வந்தது. வழிகாட்டி அண்ணாந்து முகிலைப் பார்த்தாள். கெதியாகப் போங்கள் என்றாள். இவரை இழுத்துக்கொண்டு ஏறினேன்.

உச்சியில் முகில் மூடியிருந்தது. என் சப்பாத்தே எனக்குத் தெரியவில்லை. கந்தக நாற்றம், கீழே எங்கோ ஆவி சீறும் சத்தம், அவ்வளவுதான். இவர் வேலிக்கம்பியைப் பிடித்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குளிரில் நடுங்கும்வரை நின்றோம். முகில் விலகவேயில்லை.

"உமக்குத் தெரியுதோ?" என்று கேட்டார்.

"இல்லையப்பா. முழுக்க முகில். எனக்கும் ஒண்டும் தெரியேல்லை."

"பொய் சொல்லாதையும்."

"அம்மாளாணை, எனக்குத் தெரியேல்லை!"

"நான் மனம் நோவன் எண்டு சொல்லுறீர். என்ரை கண்தான் முடிஞ்சுது."

இல்லை, இல்லை என்று கத்தினேன். நான் சொல்வது உண்மைதான் என்று சொல்ல அங்கே வேறு ஒருவரும் இல்லை. இவர் கோபிக்கவில்லை. கையை நீட்டித் தடவி என் தோளைப் பிடித்தார்.

"பறவாயில்லை. எப்பிடி இருக்கெண்டு நீர் சொல்லுமன், நான் கேக்கிறன்."

பாவி மனுசன், இவ்வளவு தூரம் ஏறி வந்தவர். வெறும் கையோடு எப்படி இறக்கிக்கொண்டு போவேன்?

"பெரிய பள்ளம்," என்றேன். "ஓரமெல்லாம் மஞ்சள். நடுவிலையிருந்து புகை எழும்புது."

"பாக்க வடிவோ?"

"ஓம். நல்ல வடிவு."

தலையாட்டினார். பிறகு அந்த வெள்ளைக்குள் பார்ப்பதை விட்டுவிட்டு, கண்களை மூடிக்கொண்டார்.