மண்டையோட்டில் ஒரு விரிசல்

மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு அறையில் எலும்புகளைக் கம்பியால் கோத்து முழுக்கூடாக நிறுத்துவது அவள் வேலை. மாணவர்களுக்கு அவள் கம்பியக்கா. மூட்டுப் பாடத்தை அவள் கோத்த கூடுகளில் படித்தவர்கள் பெரிய டாக்டர்களாகிவிட்டார்கள். அவள் மட்டும் பதினெட்டு ஆண்டுகளாகத் தற்காலிக ஊழியர்.

முழங்கைக்கு ஒரு கம்பி போதும். கதவுக் கீல் மாதிரி ஒரே பக்கம் மடங்கும். இடுப்பில் பந்து கிண்ணத்துக்குள் உருள வேண்டும். அங்கே ஸ்பிரிங் வைப்பாள். கட்டைவிரலின் அடியில் இரண்டு எலும்புகள், குதிரையும் சேணமுமாகப் பொருந்தியிருக்கும். அதைக் கோக்கும்போதெல்லாம் தன் கட்டைவிரலைச் சுழற்றிப் பார்த்துக்கொள்வாள். கம்பியைப் பிடித்திருப்பதே அந்த மூட்டுதானே! இன்னும் அவளுக்கு அந்த வியப்பு தீரவில்லை.

நிரந்தரப் பணிப் பட்டியல் வரவிருந்த வாரம் அது. புதிதாக வந்த ஸ்டோர் அதிகாரி இருப்பைச் சரிபார்க்க வந்தார். ஒரு மண்டையோட்டை எடுத்தவர், உச்சியில் ஓடிய நெளிகோட்டைப் பார்த்து நின்றார்.

“என்னம்மா, மண்டைய உடைச்சு வெச்சிருக்க?”

“உடையல சார். அது மூட்டு.”

“மண்டையில ஏது மூட்டு? யாருக்குக் காது குத்துற?”

‘கவனக்குறைவால் உடைத்துவிட்டேன்’ என்று தட்டச்சு செய்த தாளோடு மதியம் திரும்பி வந்தார். கையெழுத்துப் போட்டால் பட்டியலில் அவள் பெயர் இருக்காது. அது அவருக்கும் தெரியும்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவளும் அதே கோட்டை விரிசலென்று நம்பி மெழுகு பூசி அடைத்தவள்தான். அலமாரியைத் திறந்து, அவர் எடுத்ததோடு சேர்த்து ஒன்பது மண்டையோடுகளை வரிசையாக வைத்தாள். எல்லாவற்றிலும் அதே கோடு.

“அத்தனையும் நானே உடைச்சேனா சார்?”

பத்தாவதாக, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பச்சிளம் குழந்தையின் மண்டையோடு. ஓடுகளுக்கு நடுவே இடைவெளி.

“பொறக்கும்போது வழி குறுகல் சார். இந்த ஓடுங்க ஒண்ணுமேல ஒண்ணு ஏறி வழிவிடும். அப்புறம் மூளை வளர வளர விலகி இடம் குடுக்கும். எல்லாம் முடிஞ்சாதான் இறுகும். அப்புறம்தான் இது அசையாத மூட்டு.”

அதிகாரியின் கை தானாகத் தன் வழுக்கைக்குப் போனது. குரல் இறங்கிவிட்டது. “எனக்குமா? அப்போ தலையெழுத்துன்னு சொல்றாங்களே, இதுதானா?”

எத்தனை தலைமுறைகளின் வாயை அடைத்த சொல்!

“எழுத்தில்ல சார், தையல். முதலாளிக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே தையல்.”

குழந்தையின் மண்டையோட்டை மெல்லத் தொட்டுப் பார்த்தார். பிறகு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

“சரிதாம்மா. ஆனா டைப் அடிச்சாச்சு. ஒரு கையெழுத்து போட்டுரு, ஃபைல மூடிரலாம்.”

கழுத்தின் இரண்டாம் எலும்பில் ஒரு முளை உண்டு. முதல் எலும்பின் வளையம் அதைச் சுற்றித் திரும்புவதால்தான் தலை ‘மாட்டேன்’ என்று ஆடும். அன்று காலைதான் அதைக் கோத்து முடித்திருந்தாள். தலையை இடமும் வலமுமாக, நிதானமாக ஆட்டினாள்.

அதிகாரி தாளை நான்காகக் கிழித்தார். பதிவேட்டில் எழுதினார்: ‘மண்டையோடு பத்து. சேதமில்லை.’

வெள்ளிக்கிழமை ஒட்டப்பட்ட பட்டியலில் ஏழாவது பெயர் அவளுடையது.